போன வாரம் எவ்வளவு நேரம் நடந்தீர்கள்?

புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்து மீண்டு வாழ்பவர்களிடம் உலகமெங்கும் ஆய்வாளர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள், நாளொன்றுக்கு எத்தனை நிமிடம், மூச்சு வாங்கும்படி உழைத்தீர்கள்? எவ்வளவு நேரம் நடந்தீர்கள்? பதில் வருகிறது, அது எண்ணாக மாறி அட்டவணையில் ஏறுகிறது. ஆயிரக்கணக்கானவர்களின் எண்களைச் சேர்த்துப் பார்த்து, வாரத்துக்கு இவ்வளவு நேரம் நடந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்த முடிவு அடையாறுக்கும் காஞ்சிபுரத்துக்கும் வேலூருக்கும் வந்து சேர்ந்து, புறநோயாளிப் பிரிவில் "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்கம்மா" என்ற அறிவுரையாகிறது. திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய அம்மையார்குப்பத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே வாழும் ஒரு பெண்ணும் அதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறாள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது யாரோ ஒருவரின் ஞாபகம். அந்த ஞாபகத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்? கேட்டறியும் முறையில் பெரிய குறைகள் உண்டு. ஆனாலும் அது கைவிடத்தக்கதல்ல என்பது என் கருத்து. குறைகளில் பாதிக்கு மேல் நோயாளியின் ஞாபகத்தில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. நம் ஊர்களில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் இந்த முறை சாதித்ததைச் சொல்லிவிட வேண்டும். 2005-ல் மிஷல் ஹோம்ஸும் அவருடைய குழுவினரும் அமெரிக்கச் செவிலியர் நல ஆய்விலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்ததில், வாரத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ நடப்பதற்குச் சமமான அளவு உழைத்ததாகச் சொன்னவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. அதுவரை "ஓய்வெடுங்கள், அலட்டிக்கொள்ளாதீர்கள்" என்றே பெரும்பாலும் நோயாளிகளுக்குச் சொல்லிவந்த மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த ஆய்வில் யார் இடுப்பிலும் கருவி கட்டவில்லை. தபாலில் போன கேள்வித்தாளுக்கு வந்த பதில்கள்தான் எல்லாம். கடந்த ஓராண்டில் வாரத்துக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல், டென்னிஸ் என்று கேட்டார்கள். அவர்கள் எழுதி அனுப்பினார்கள். சிகிச்சைக்கால முடக்கம் கணக்கைக் குழப்பிவிடாதபடி, நோய் கண்டறிந்து இரண்டாண்டுகளேனும் கழிந்த பிறகு சொன்னவற்றையே எடுத்துக்கொண்டார்கள். கவனமான வேலை அது.

கூடுதல் காலம் வாழ்ந்தது உண்மையிலேயே உடலுழைப்பால்தானா என்று அப்போது தொடங்கிய சந்தேகத்தை 2025-ல் ஒரு சோதனை ஏறக்குறைய தீர்த்துவைத்தது. குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்றாண்டு காலம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சித் திட்டம், மறுபாதிக்கு அறிவுரைக் கையேடு மட்டும். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இந்த 'சேலஞ்ச்' சோதனையில், ஐந்தாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80 சதவீதம், மற்ற குழுவில் 74 சதவீதம். எட்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 90 சதவீதம், 83 சதவீதம். ஒரு மருந்து இந்த அளவுக்குப் பலன் தந்தால் அது உடனே உலகச் சந்தைக்கு வந்துவிடும். கவனிக்க வேண்டியது, இந்தச் சோதனையிலும் ஒருவர் எவ்வளவு உழைத்தார் என்பதை அவரிடமே கேட்டுத்தான் எழுதினார்கள். ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று நடக்கவிட்டும் அளந்தார்கள். சொன்னது ஒரு பக்கம், உடல் காட்டியது ஒரு பக்கம். இரண்டும் ஒரே திசையில் போனதால்தான் அந்த முடிவுக்கு வலு.

ஆக, "சொல்வதையெல்லாம் எப்படி நம்புவது?" என்று ஒரே அடியாகத் தள்ளிவிட முடியாது. அதே சமயம், சொன்ன எண்ணை அப்படியே வைத்து ஒரு தனி மனிதருக்கு அறிவுரை எழுத முடியுமா என்பது வேறு கேள்வி. அங்கேதான் வழுக்குகிறது.

ஆய்வாளர்கள் இரண்டு சோதனைகளைப் பிரித்துப் பேசுவார்கள். ஒரே கேள்வியைச் சில நாள் கழித்து மறுபடி கேட்டால் அதே பதில் வருகிறதா என்பது ஒன்று. வந்த பதில் உண்மையோடு பொருந்துகிறதா என்பது மற்றொன்று. ஜெனீவாவில் 1998-ல் உருவாக்கத் தொடங்கிய சர்வதேச உடலுழைப்புக் கேள்வித்தாளை 12 நாடுகளில் சோதித்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். மறுபடி கேட்டபோது பதில்களுக்கிடையே இருந்த ஒட்டுறவு 0.8-ஐ ஒட்டி இருந்தது. முழுப் பொருத்தம் என்றால் 1, தொடர்பே இல்லையென்றால் 0 என்ற அளவுகோலில் இது நல்ல எண். ஆனால் இடுப்பில் கட்டிய அசைவுமானியோடு ஒப்பிட்டபோது அந்த ஒட்டுறவு 0.3 அளவுக்கு இறங்கிவிட்டது. 2008-ல் ஸ்டெஃபனி பிரின்ஸ் குழுவினர் இத்தகைய ஒப்பீடுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். சராசரி ஒட்டுறவு 0.37. சில ஆய்வுகளில் மக்கள் கூட்டிச் சொல்லியிருந்தார்கள், சிலவற்றில் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு விதியும் கிடைக்கவில்லை.

இந்த 0.8-க்கும் 0.3-க்கும் இடையில் இருக்கும் தூரம்தான் விஷயத்தின் உயிர்நாடி. ஒருவர் இரண்டு முறையும் ஒரே பதிலைச் சொல்கிறார், ஆனால் அது நடந்ததோடு பொருந்தவில்லை. காரணம், அவர் போன வாரத்தைத் தேடிப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. தன்னைப் பற்றித் தன் மனத்தில் இருக்கும் சித்திரத்திலிருந்து சொல்கிறார். "நான் தினமும் நடக்கிறவன்" என்பது ஒரு சுய அடையாளம். அது வாரத்துக்கு வாரம் மாறாது. மழை பெய்து மூன்று நாள் வெளியே போகாவிட்டாலும் மாறாது. திரும்பத் திரும்ப ஒரே பதில் வருவதை நம்பகம் என்று பெயரிட்டு ஆய்வுக் கட்டுரைகள் திருப்தியடைகின்றன. அந்த நிலைத்தன்மை பல நேரம் ஞாபகத்தின் நிலைத்தன்மை அல்ல, சுயசித்திரத்தின் நிலைத்தன்மை.

எதை ஞாபகம் நன்றாகப் பிடித்துவைக்கிறது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பூங்காவில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிக்கும் நடை, வாரம் மூன்று நாள் போகும் யோகா வகுப்பு, இவையெல்லாம் தொடக்கமும் முடிவும் உள்ளவை. கேட்டால் சரியாகச் சொல்லிவிடலாம். நாள் முழுவதும் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும் வேலை அப்படியல்ல. எழுந்து போய் ஒரு குடம் தண்ணீர், குனிந்து ஒரு வாசல், ஏறி ஒரு மாடி. இவற்றை மனம் நிமிடக் கணக்கில் சேமிப்பதே இல்லை. சேமிக்காததைத் திருப்பி எடுக்க முடியாது. போதாக்குறைக்கு, உலக அளவில் பயன்பட்ட கேள்வித்தாள்கள் பலவும் "தொடர்ந்து பத்து நிமிடமாவது" செய்ததை மட்டும் கேட்டுவந்தன. அந்தப் பத்து நிமிட நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் தன் 2020 வழிகாட்டுதலில் கைவிட்டுவிட்டது. கேள்வித்தாள்கள் இன்னும் முழுதாக அதைப் பின்தொடரவில்லை.

அம்மையார்குப்பத்தில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்துப் பழையபடி வேலைக்குத் திரும்பிய ஓர் அம்மாளிடம், செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தி உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாளை வைத்துக் கேட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அம்மாள் ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார். ஊடைநூல் தார்க்குச்சியில் ஏறிக்கொண்டிருந்தது. வலது கை ராட்டையைச் சுழற்ற, அறுவை நடந்த பக்கமான இடது கை நூலைப் பிடித்து ஓட்டியது.

"அம்மா, போன வாரம் உடற்பயிற்சி, விளையாட்டு, வாக்கிங் ஏதாவது செஞ்சீங்களா?"

"அதெல்லாம் நமக்கெங்க கண்ணு?"

மாணவி பூஜ்யம் போட்டாள்.

"வேலையில, மிதமா மூச்சு வாங்குற மாதிரி எவ்வளவு நேரம்?"

"காலையில எழுந்ததுலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் வேலைதான்."

"ஒரு எட்டு மணி நேரம்னு போடலாங்களாம்மா?"

"போடு கண்ணு."

"வாரத்துக்கு ஆறு நாளா?"

"ஆமா, கரண்ட் இருந்தா."

இந்தக் கேள்வித்தாளின் விதிப்படி மிதமான உழைப்பின் ஒவ்வொரு நிமிடத்தையும் நான்கால் பெருக்க வேண்டும். 480 நிமிடம், ஆறு நாள், பெருக்கல் நான்கு. வாரத்துக்கு 11,520. ஒரு வயதுவந்தவருக்குக் குறைந்தபட்சம் வேண்டியது 600 என்கிறது அதே விதி. ஆக, ஒரு கட்டத்தில் இந்த அம்மாள் எதுவுமே செய்யாதவர். இன்னொரு கட்டத்தில் தேவையைப் போல் 19 மடங்கு செய்பவர். ஓய்வுநேர உடற்பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆய்வில் அவர் சோம்பேறிகளின் வரிசையில் நிற்பார், மொத்தக் கணக்கை எடுக்கும் ஆய்வில் விளையாட்டு வீராங்கனைகளையும் தாண்டிவிடுவார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மாணவியும் கடமையில் தவறவில்லை. எட்டு மணி நேரம் என்ற எண் யாருடைய ஞாபகத்திலிருந்தும் வந்ததல்ல. கேட்டவளும் சொன்னவரும் சேர்ந்து, கட்டத்தை நிரப்புவதற்காக ஒத்துக்கொண்ட எண் அது. ஆய்வுக் கட்டுரையில் அது அச்சாகும்போது இந்தப் பேச்சுவார்த்தை கண்ணுக்குத் தெரியாது.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கே உரிய சிக்கல்கள் இதற்கு மேல் வருகின்றன. நோய்க்குப் பிறகு பலருக்குப் பல ஆண்டுகள் வரை களைப்பு விட்டுப்போவதில்லை. கேள்வித்தாள் உழைப்பின் கடுமையை மூச்சு வாங்குவதை வைத்துப் பிரிக்கிறது: கொஞ்சம் வாங்கினால் மிதம், அதிகம் வாங்கினால் கடுமை. இரத்தசோகையும் தசை இளைப்பும் உள்ள ஒருவருக்கு மாடிப்படி ஏறுவதே கடுமையான உழைப்பு. அவர் அப்படித்தான் சொல்வார், சொல்வதும் சரி. ஆனால் கணக்கு அந்த நிமிடத்தை எட்டால் பெருக்குகிறது. உடல் நலிந்தவர் தாளில் வலுவானவராகிவிடுகிறார். கருவியோடு ஒப்பிட்டு, "நோயாளிகள் மிகைப்படுத்துகிறார்கள்" என்று முடிவுகட்டும்போது இந்த நியாயத்தைப் பலரும் பார்ப்பதில்லை.

கீமோவுக்குப் பிறகு மறதியும் கவனக்குறைவும் வருவதை நோயாளிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். மருத்துவ உலகம் பிற்பாடுதான் அதைக் காது கொடுத்துக் கேட்டது. அடுப்பில் பால் வைத்ததை மறக்கிற காலத்தில் போன செவ்வாய்க்கிழமை எத்தனை நிமிடம் நடந்தேன் என்பது எப்படி நிற்கும்? இன்னொன்று, கேட்கிறவரை மகிழ்விக்கும் ஆசை. 2005-ல் அமெரிக்கப் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, சமூகம் ஏற்கும்படி தன்னைக் காட்டிக்கொள்ளும் நாட்டம் உள்ளவர்கள் உழைப்பைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று காட்டியது. உயிரைக் காப்பாற்றிய மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்து "நடக்கச் சொன்னோமே, நடக்கிறீர்களா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு வாய் வருமா? ஆமாம் என்பதே நன்றிக்கடனாகத் தோன்றும் இடம் அது.

இதைவிட ஆழமானது நோய்க்கு முந்தைய காலத்தைப் பற்றிய ஞாபகம். ஆய்வுகள் சில, நோய் வருவதற்கு முன் எப்படி இருந்தீர்கள் என்றும் கேட்கின்றன. புற்றுநோய் வந்தவர் ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே ஆயிரம் முறை கேட்டுக்கொண்டவர். எதனால் வந்தது? என்ன செய்தேன்? என்ன செய்யவில்லை? "ஓயாம உழைச்ச உடம்பு இது, எனக்கு எப்படி வந்தது" என்று ஒருவர் வியப்பார். "உடம்பைக் கவனிக்காம விட்டுட்டேன்" என்று இன்னொருவர் தன்னையே நொந்துகொள்வார். இருவரும் ஒரே அளவு உழைத்தவர்களாக இருக்கலாம். காரணம் தேடும் மனம் பழைய ஆண்டுகளைத் தன் தேவைக்கேற்பத் திருத்தி எழுதிவிடுகிறது. இந்தப் பதில்களை வைத்து நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கும் ஆய்வுகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். செவிலியர் நல ஆய்வு போல முன்கூட்டியே கேட்டுவைத்துப் பின் என்ன ஆயிற்று என்று பார்ப்பவை எவ்வளவோ மேல்.

அப்படியானால் கருவியைக் கட்டிவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் கட்டிப் பார்த்தார்கள். 2003 முதல் 2006 வரை நடந்த தேசிய நலக் கணக்கெடுப்பில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 111 பெண்களின் அசைவுமானிப் பதிவுகளை பிரிஜிட் லிஞ்ச் குழுவினர் ஆராய்ந்தார்கள். கருவி அணிந்திருந்த நேரத்தில் 66 சதவீதம் உட்கார்ந்தபடி, 33 சதவீதம் லேசான அசைவு, மிதமும் கடுமையுமான உழைப்பு வெறும் 1 சதவீதம். கேட்டால் யாரும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கருவி அந்த அளவுக்கு முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறது.

ஆனால் அந்தக் கருவியை அம்மையார்குப்பத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இடுப்பில் கட்டும் அசைவுமானி, இடுப்பு அசைந்தால்தான் எழுதும். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கால்கள் மாறி மாறி மிதிக்கின்றன, ஒரு கை நாடாவை ஓட்டுகிறது, மறு கை பலகையை அடிக்கிறது. இடுப்பு அசையாமல் இருக்கிறது. கருவியைக் கேட்டால் இந்த நெசவாளர் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று சொல்லும். இன்று இந்த வட்டாரத்தில் ஓடுபவை பெரும்பாலும் விசைத்தறிகள். அங்கே வேலை நின்றபடி. இந்தத் தறிக்கும் அந்தத் தறிக்கும் இடையே இரண்டடி போவதும் வருவதும், அறுந்த இழையைக் குனிந்து முடிவதும், தீர்ந்த தாரை எடுத்துப் புதுத் தாரை நாடாவில் போடுவதும்தான் வேலை. மெதுவான அடிகளைக் கருவி லேசான அசைவு என்று ஒதுக்கும். நாள் முழுக்க நின்ற காலின் வலிக்கு அதில் கணக்கே கிடையாது.

மணிக்கட்டில் கட்டலாமா? மார்பக அறுவையில் அக்குள் நிணக்கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கையில் வீக்கம் வரும் அபாயம் உண்டு. அந்தக் கையில் ஊசி போடாதீர்கள், இரத்த அழுத்தப் பட்டை சுற்றாதீர்கள், இறுக்கமாக வளையல் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். கருவி மறு கைக்குத்தான் போக வேண்டும். அப்போது நாம் தெரிந்துகொள்ள மிகவும் விரும்பும் கை, மீண்டும் பழக வேண்டிய கை, அளவுக்கு வெளியே நின்றுவிடுகிறது. ஏழு நாள் அணிந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் கருவிக்கு வாரத்தின் குணமும் தெரியாது. பாவு தீர்ந்து அடுத்த பாவுக்காகக் காத்திருக்கும் வாரமும், திருவிழாவுக்கு முன் இரவுபகலாகத் தறி ஓடும் வாரமும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை மனிதர் சொல்வார், கருவி சொல்லாது. எனவே கருவியின் எண்ணை உண்மை என்றும் நோயாளியின் பதிலைப் பிழை என்றும் வைத்துக் கணக்குப் போடுவது நம் ஊருக்குப் பொருந்தாது. இரண்டும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன.

கேள்வியைத் திருத்தும் முயற்சி நம்மிடமே நடந்திருக்கிறது, அதுவும் சென்னையில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, உலக சுகாதார நிறுவனக் கேள்வித்தாளைப் பயன்படுத்தி 2014-ல் வெளியிட்ட முடிவின்படி, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 54.4 சதவீதத்தினர் போதிய உழைப்பு இல்லாதவர்கள். ஓய்வுநேர உடற்பயிற்சி செய்தவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. அந்த அனுபவத்துக்குப் பின் 2015-ல் ஆர்.எம். அஞ்சனா குழுவினர் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையிலிருந்து இந்தியாவுக்கென்றே ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். வேலை, போக்குவரத்து, வீட்டு வேலை, ஓய்வு என்று நாளைப் பிரித்து, நம்மவர்கள் உண்மையில் செய்யும் வேலைகளைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். பல மாநிலங்களில், ஊரகத்திலும் நகரத்திலும் சோதித்து, ஒரு பகுதியினருக்கு அசைவுமானியும் கட்டி ஒப்பிட்டார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் அது நீரிழிவை மனத்தில் வைத்துப் பொதுமக்களுக்காகச் செய்யப்பட்டது. கீமோவின் களைப்பும், கை வீக்கமும், பாதியில் நின்றுபோன வேலையும் அதன் கேள்விகளில் இல்லை. புற்றுநோய் ஆய்வுகளில் இன்றும் பெரிதும் புழங்குவது கனடாவில் காஸ்டன் கோடினும் ராய் ஷெப்பர்டும் 1985-ல் வெளியிட்ட ஓய்வுநேரக் கேள்வித்தாள்தான். கடும் உழைப்புக்கு அது தரும் உதாரணங்களில் ஹாக்கியும் பனிச்சறுக்கும் இருக்கின்றன.

ராட்டையின் முன் நடந்த அந்தப் பேச்சில் இன்னொன்றும் இருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்த மாணவி, போகிற போக்கில் "இப்ப உடம்பு தேவலாங்களாம்மா?" என்று கேட்டாள். அதற்கு வந்த பதில் இது: "தேவல கண்ணு. ஆடிக் கிருத்திகைக்குப் படியிலயே ஏறினேன். நடுவுல ரெண்டு இடத்துல உக்காந்தேன். அதுக்கு முந்தின வருஷம் முடியல, வண்டியிலதான் மேல போனோம்."

திருத்தணி மலைக்கு 365 படி. ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும், ஆண்டிறுதி இரவில் படித் திருவிழா நடக்கும் ஊர். படியின் எண்ணிக்கை யாருடைய ஞாபகத்தையும் நம்பி இல்லை, கல்லில் இருக்கிறது. அந்த அம்மாள் சொன்ன மூன்று வாக்கியத்தில் ஏறிய உயரம் இருக்கிறது, எத்தனை முறை ஓய்வெடுத்தார் என்பது இருக்கிறது, ஓராண்டு இடைவெளியில் எவ்வளவு தேறியிருக்கிறார் என்ற ஒப்பீடும் இருக்கிறது. 11,520 என்ற எண்ணைவிட இதில் மருத்துவருக்கு வேண்டிய செய்தி அதிகம். நுரையீரல் அறுவைக்கு முன் நோயாளியை மாடிப்படி ஏறச்சொல்லி அவர் தாங்குவாரா என்று பார்ப்பது அறுவை மருத்துவர்களின் பழைய வழக்கம். அதையே இந்த அம்மாள் தன் வேண்டுதலின் பெயரால் செய்து முடித்து, விடையையும் சரியாக ஞாபகம் வைத்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமையை மறக்கும் மனம் ஆடிக் கிருத்திகையை மறப்பதில்லை. ஞாபகம் நிமிடங்களில் தங்குவதில்லை, நிகழ்ச்சிகளில் தங்குகிறது.

இந்த வழியிலும் பள்ளங்கள் உண்டு. வேண்டுதலுக்காக ஒருநாள் முழு மூச்சாக ஏறுவது அன்றாட உழைப்புக்கு ஈடல்ல. பக்தியின் வேகத்தில் உடல் தன் எல்லையைத் தாண்டிப் போயிருக்கலாம், அடுத்த மூன்று நாள் படுத்த படுக்கையாகவும் இருந்திருக்கலாம். முழங்கால் தேய்ந்தவர் ஏறாததற்குப் புற்றுநோய் காரணமல்ல. கோயிலுக்குப் போகாதவரிடம் இந்தக் கேள்விக்கே இடமில்லை; அவருக்கு வேறு நிகழ்ச்சி, வேறு தூரம் தேட வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை சுமையோடு நடக்கிறீர்களா, வழியில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கலாம். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கேள்வி மாறினால் ஓராயிரம் பேரின் பதில்களைக் கூட்டிச் சராசரி எடுக்க முடியாது என்று புள்ளியியலாளர் சொல்வார். சரியான ஆட்சேபம்தான். பெரிய ஆய்வுகளுக்குப் பொதுவான கேள்வித்தாள் இருக்கட்டும். எனக்கு வருத்தம் எங்கேயென்றால், கூட்டத்துக்கென்று செய்த அந்தக் கேள்வித்தாளையே தனி மனிதரின் மருத்துவக் கோப்பிலும் கொண்டுபோய் வைத்து, அந்த எண்ணைப் பார்த்து "நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை" என்று சொல்லும் இடத்தில்தான்.

பெரிய ஆய்வுகளிலும் செய்யக்கூடிய திருத்தங்கள் இருக்கின்றன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் உருவாக்கிய ஒரு முறை, முந்தைய ஒரே ஒரு நாளை மட்டும், எழுந்ததிலிருந்து படுத்தது வரை வரிசையாகச் சொல்லச்சொல்கிறது. வெவ்வேறு நாட்களில் அப்படி மூன்று நான்கு முறை கேட்டால் 'வழக்கமாக' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சுயசித்திரம் விலகி, நேற்று உண்மையில் நடந்தது வெளியே வருகிறது. நம் பெண்களிடம் இது இன்னும் நன்றாக வேலை செய்யும் என்றே நினைக்கிறேன். "எத்தனை நிமிடம்?" என்றால் திகைப்பவர்கள், "நேத்து காலைல எழுந்ததும் என்னம்மா செஞ்சீங்க?" என்றால் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு போவார்கள்.

நெசவு ஊரில் எழுத்துச் சான்றும் இருக்கிறது. பாவும் ஊடைநூலும் கொடுக்கும் முதலாளியிடமும் நெய்பவர் வீட்டிலும் கூலி நோட்டு உண்டு. எந்தத் தேதியில் எத்தனை உருப்படி இறங்கியது, எவ்வளவு கூலி என்பது அதில் இருக்கும். சிகிச்சைக்கு முன் மாதத்துக்கு எவ்வளவு, சிகிச்சை நடந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பார்த்தால் ஞாபகத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் அடிப்படை கிடைக்கும். இதிலும் ஒரு கசப்பான குறை. நோட்டு பெரும்பாலும் வீட்டுத் தலைவர் பெயரில். ஒரே தறியைக் கணவரும் மனைவியும் மகனும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள். அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் இவர் நிற்பார். தார் சுற்றியது, நூலைப் பிரித்தது, இழை முடிந்தது எதுவும் அந்த அம்மாள் பெயரில் ஏறாது. நோயாளியின் கூலி குறைந்ததா, குடும்பத்தின் கூலி குறைந்ததா என்று நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அவரைக் கேட்டே ஆக வேண்டும். எந்த ஏட்டிலும் பதியாத உழைப்புக்கு ஞாபகம் ஒன்றே சாட்சி என்பதால்தான், இத்தனை குறைகளுக்குப் பிறகும் கேட்டறியும் முறையைக் கைவிடக்கூடாது என்கிறேன்.

முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்தில், நோயாளி பிழைப்பாரா என்பதுதான் கேள்வி. அங்கிருந்து 1981-ல் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவகம், வீடு தேடிப் போய்க்கூட யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று கண்டறியும் வழக்கத்தை உண்டாக்கியது. இன்று பிழைத்தவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எதைத் தூக்க முடிகிறது, எவ்வளவு தூரம் போக முடிகிறது என்பதற்கு அப்படியொரு பதிவு நம்மிடம் இல்லை.

அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் இயன்முறை மருத்துவர்களும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வேண்டியது முப்பது மீட்டர் நேர்ப்பாதையும் ஒரு கடிகாரமும். அம்மையார்குப்பத்தில் தறிக்கூடங்களுக்கு இடையே நீளமான தெருக்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை அந்தத் தெருவில் நடக்கவிட்டு அளந்து, நேற்றைய நாளை வரிசையாகக் கேட்டு எழுதி, இரண்டையும் மருத்துவமனைக் கோப்பில் சேர்த்துவிடலாம். அறுவை நடந்த கையைத் தோளுக்கு மேல் எவ்வளவு உயர்த்த முடிகிறது என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்ற பொதுவான அறிவுரைக்குப் பதிலாக, நாள் முழுக்கத் தறியின் முன் நிற்பவருக்கு நடை வேண்டுமா, உட்கார்ந்து கையை நீட்டி மடக்கும் பயிற்சி வேண்டுமா, அல்லது மத்தியானத்தில் ஒரு மணி நேரப் படுக்கைதான் வேண்டுமா என்று அவரோடு பேசி முடிவெடுக்க முடியும்.